பக்கவாதத்திலிருந்து மீள்வோரின் சமநிலையை அளத்தல்

சந்தைக்குச் சாமை கொண்டு செல்லும் குடியானவர் எவரும், வியாபாரியின் படியை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்காமல் தானியத்தைக் கொட்டுவதில்லை. படியின் அடித்தகடு மேலெழும்பி இருக்கிறதா, விளிம்பு தேய்ந்திருக்கிறதா, அரசாங்க முத்திரை உள்ளதா என்று பார்த்த பிறகே அளக்கச் சம்மதிப்பார். படி மறைந்து மின் தராசு வந்துவிட்ட இடங்களிலும் இக்கவனம் மறையவில்லை. மூட்டையை ஏற்றுமுன் தராசு சுழியில் நிற்கிறதா என்று கேட்பவர்கள் நம் மலைச் சந்தைகளில் பலர் உண்டு. பொருளை அளக்குமுன் அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும் என்னும் அறிவு நம் கிராமங்களுக்குப் புதிதன்று. அதே அறிவை உடல்நல விஷயத்திலும் நாம் கைக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாவது. மூளையின் எப்பகுதி இரத்தமின்றி வாடுகிறதோ, அப்பகுதி ஆளும் உறுப்புகள் தளர்கின்றன. முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க இயலாமற் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை திடீரெனத் தோன்றினால், அந்நேரத்தைக் குறித்துக் கொண்டு உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். அடைப்பினால் வந்த வாதமாயின், நாலரை மணி நேரத்திற்குள் தகுந்த ஆஸ்பத்திரியை அடைந்தோர் பலருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து அளிக்க இயலும். மலையிலிருந்து இறங்கவே நெடுநேரம் ஆகும் நம் ஊர்களில், பொழுது விடியட்டும் என்று காத்திருப்பது பெருந்தீங்காகும்.

ஆயினும் இங்கு நாம் சொல்ல வந்தது, உயிர் பிழைத்து வீடு திரும்பிய பிறகு நேரும் ஓர் ஆபத்தைப் பற்றியதாகும். அதுவே கீழே விழுதல்.

கண்மதிப்பால் நேர்ந்த பிழை

ஜவ்வாது மலையில் நாம் பணியேற்ற முதல் ஆண்டில், ஜமுனாமரத்தூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு குக்கிராமத்திற்குச் சாலைப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தோம். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் கண்டு வலக்கையும் வலக்காலும் தளர்ந்திருந்த ஒரு பெரியவர், அன்று தம் வீட்டு முற்றத்தில் கோலின்றி நடந்து வந்து நம்மை வரவேற்றார். நமக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “இனிக் கவலையில்லை, ஐயா, சாமை அறுப்புக்கே போய்விடுவீர்கள் போலிருக்கிறதே!” என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அவர் அறுப்புக்குப் போயே விட்டார். பத்து நாட்கள் சென்றபின், சரிவான வயலில் அரிக்கட்டைத் தூக்கக் குனிந்து நிமிர்ந்தவர், பின்னாலிருந்து யாரோ அழைக்கத் திரும்பினார், திரும்பியவர் விழுந்தார். வலக்கை வாதத்தால் தளர்ந்திருக்க, நன்றாயிருந்த இடக்கையின் மணிக்கட்டும் முறிந்தது. இரண்டு மாதம் பிறர் ஊட்ட உண்ணும் நிலைமை அவருக்கு ஏற்பட்டது. “ஐயாவே சொல்லிவிட்டார்கள் என்றுதான் போனார்” என்று அவருடைய மனைவியார் கூறியபோது, மறுமொழி சொல்ல இயலாமல் நின்றோம்.

நாம் கண்டது முற்றத்தில் பத்து அடி நடை. நாம் தீர்மானித்ததோ மலைச்சரிவில் ஒரு நாள் வேலை. முத்திரையில்லாத படியால் அளந்துவிட்டோம் என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

சமநிலை என்பது யாது?

கொத்தனார் சுவர் எழுப்புகையில் தூக்குக் குண்டும் ரசமட்டமும் கொண்டு சரிபார்க்கிறார். மனித உடலிலும் அவ்வாறே மூன்று கருவிகள் உள்ளன. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உட்செவியிலுள்ள நுண்ணிய குழல்கள் தலையின் சாய்வையும் அசைவையும் தெரிவிக்கின்றன. உள்ளங்காலும் மூட்டுகளும் தரையின் தன்மையை உணர்த்துகின்றன. மூன்று செய்திகளையும் மூளை ஒன்று சேர்த்து, எத்தசை இறுக வேண்டும், எத்தசை தளர வேண்டும் என்று நொடிக்கு நொடி கட்டளையிடுகிறது. பக்கவாதம் இக்கட்டளையைக் குலைத்து விடுகிறது. கால் நடக்கும், ஆனால் திரும்பும்போதும், குனியும்போதும், கண்ணை மூடும்போதும், தரை சரியும்போதும் உடல் தன்னைத் தாங்கிக் கொள்ள இயலாமற் போகும். ஆகவே நடை வேறு, சமநிலை வேறு.

பெர்க் அளவுகோல்

இச்சமநிலையை அளக்க உலகெங்கும் பெரிதும் வழங்கும் கருவி பெர்க் அளவுகோலாகும். கனடா தேசத்தில் காத்ரின் பெர்க் என்னும் இயன்முறை மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் முதியோருக்காக இதனை வகுத்து 1989-இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் இது பக்கவாதம் கண்டவர்களிடமும் சோதிக்கப்பெற்றது.

இதில் 14 செயல்கள் உண்டு. உட்கார்ந்த நிலையிலிருந்து எழுதல், பிடிப்பின்றி நிற்றல், சாயாமல் உட்கார்ந்திருத்தல், நின்ற நிலையிலிருந்து அமர்தல், ஓர் இருக்கையிலிருந்து மற்றோர் இருக்கைக்கு மாறுதல், கண்ணை மூடி நிற்றல், பாதங்களைச் சேர்த்து நிற்றல், கையை நீட்டி முன்னே எட்டுதல், தரையிலுள்ள பொருளைக் குனிந்து எடுத்தல், நின்றபடி பின்னே திரும்பிப் பார்த்தல், ஒரு முழுச்சுற்றுச் சுற்றுதல், தாழ்ந்த படியின்மேல் கால்களை மாற்றி மாற்றி வைத்தல், ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நிற்றல், ஒற்றைக் காலில் நிற்றல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் 4 வரை மதிப்பெண் உண்டு. முழு மதிப்பெண் 56. இதற்கு வேண்டிய பொருள்கள் இரண்டு நாற்காலி, ஒரு தாழ்ந்த படி, ஓர் அளவுச் சட்டம், ஒரு கடிகாரம் ஆகியவையே. பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மின்சாரமும் வேண்டா, யந்திரமும் வேண்டா என்பதால் மலைக் கிராமத்திற்கு இது ஏற்றதாகத் தோன்றுகிறது.

தோன்றினால் மட்டும் போதுமா? படியைத் தட்டிப் பார்ப்பது போல் இதனையும் தட்டிப் பார்க்க வேண்டுமன்றோ? அறிஞர்கள் அதனை நான்கு வகையாகச் செய்கின்றனர்.

முதற் சோதனை: இருவர் அளந்தாலும் ஒரே அளவு வருமா?

ஒரே மரக்காலால் தகப்பன் அளந்தால் பத்தும், மகன் அளந்தால் பன்னிரண்டும் வருமாயின் அந்த மரக்கால் உதவாது. ஆகவே ஒரே நோயாளியை இரண்டு பரிசோதகர்கள் தனித்தனியே மதிப்பிட்டு, மதிப்பெண்கள் ஒத்துள்ளனவா என்று பார்க்கின்றனர். பெர்க் அவர்களும் தம் குழுவினருடன் 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதியோரிடமும் புதிதாகப் பக்கவாதம் கண்டவர்களிடமும் இவ்வாறு சோதித்தார். இருவர் இட்ட மதிப்பெண்கள் மிக நெருங்கி ஒத்திருந்தன. இச்சோதனையில் அளவுகோல் தேறியது எனலாம். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் அளந்தபோது கிடைத்த முடிவு அது. பயிற்சியில்லாதவர் கையில் அதே ஒற்றுமையை எதிர்பார்க்கலாகாது.

இரண்டாம் சோதனை: சிறிய மாற்றம் மெய்யான மாற்றமா?

ஒரே மூட்டையை இரு முறை நிறுத்தால் சிறிது கூடக்குறைய வருவது இயல்பு. மனித உடலிலும் அப்படியே. ஒரு நாள் உறக்கமின்றி இருந்தால் மதிப்பெண் குறையும், மறுநாள் ஏறும். 2001-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, மறுவாழ்வுச் சிகிச்சை பெறும் பக்கவாத நோயாளரிடம் சுமார் 6 மதிப்பெண்ணாவது மாறினால்தான், அதனை உண்மையான மாற்றம் என்று பெருமளவு உறுதியாகக் கொள்ளலாம் என்று காட்டியது. இரண்டு மதிப்பெண் ஏறியதும் குதூகலிப்பதும், இரண்டு குறைந்ததும் பயிற்சியைக் கைவிடுவதும் தவறு என்பது இதனால் விளங்கும்.

மூன்றாம் சோதனை: மிக நலிந்தோரையும் மிகத் தேறியோரையும் அளக்குமா?

பொன் நிறுக்கும் தராசில் புளி மூட்டையை நிறுக்க இயலாது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. தைவான் தேசத்தில் 123 பக்கவாத நோயாளர்களைக் கொண்டு, நோய் கண்ட 14, 30, 90, 180-ஆம் நாட்களில் மூன்று அளவுகோல்களை ஒப்பிட்டு 2002-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். 14-ஆம் நாளில் மிகவும் நலிந்திருந்தோர் பலர் பெர்க் அளவுகோலின் அடித்தட்டிலேயே தங்கி விட்டனர்; அவர்களுக்குள் யார் சற்றுத் தேறியவர், யார் மிகத் தளர்ந்தவர் என்று அது பிரித்துக் காட்டவில்லை. அப்படிப்பட்டோருக்கு, 1999-இல் பிரான்சு தேசத்தார் பக்கவாதத்திற்கென்றே வகுத்த பாஸ் என்னும் அளவுகோல் சற்று மேலாக இருந்தது. படுத்த நிலையில் புரளுதல், எழுந்து உட்காருதல் முதலியவற்றையும் அது கணக்கில் கொள்ளுகிறது. அதில் 12 செயல்களும் 36 மதிப்பெண்ணும் உண்டு.

மறுகோடியில், நன்றாகத் தேறியவர்கள் பெர்க் அளவுகோலில் முழு மதிப்பெண்ணை நெருங்கி விடுவர். அதற்குமேல் அவரிடமுள்ள குறை அதில் தெரியாது. 2010-இல் வெளிவந்த மினி பெஸ்ட் என்னும் அளவுகோல் இவர்களுக்கு ஏற்றது. இதில் 14 செயல்களுக்கு 28 மதிப்பெண். நடக்கும்போது தலையைத் திருப்புதல், தடையைத் தாண்டுதல், மெத்தென்ற பரப்பில் நிற்றல், கண்ணை மூடிச் சரிவில் நிற்றல் ஆகியவையும் இதில் அடங்கும். ஹாங்காங் நகரில் பக்கவாதம் கண்டு நெடுநாளாகி வீட்டில் வாழும் 106 பேரிடம் சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவு, இந்த எல்லைக் குறை இதில் குறிப்பிடும்படி இல்லை என்று கூறிற்று.

நான்காம் சோதனை: நம் ஊருக்குப் பொருந்துமா?

இதுவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கருத்தூன்ற வேண்டிய சோதனை. பெர்க் அளவுகோலில் நடை இல்லை, சரிவு இல்லை, தலைச்சுமை இல்லை. நாற்காலி வழங்கும் நாட்டில் பிறந்தது அது. நம் மலைவாழ் மக்களோ தரையில் அமர்ந்து உண்பவர்கள், குத்துக்காலிட்டு வேலை செய்பவர்கள், விறகும் தண்ணீரும் சுமந்து மேடேறுபவர்கள். தரையிலிருந்து எழுவது நாற்காலியிலிருந்து எழுவதினும் கடினமன்றோ?

அப்படியானால் நாற்காலிக்குப் பதில் திண்ணையை வைத்துக் கொள்ளலாமே என்று சிலர் கேட்கக் கூடும். கூடாது. படியின் அளவை மாற்றிவிட்டுப் பழைய முத்திரையைக் காட்டுவது போன்றதாகும் அது. திண்ணைக்குத் திண்ணை உயரம் வேறுபடும். அம்மதிப்பெண்ணை வேறெவருடைய மதிப்பெண்ணோடும், அவருடைய சென்ற மாத மதிப்பெண்ணோடும் ஒப்பிட இயலாது. அளவுகோலை உள்ளபடியே வைத்து அளக்க வேண்டும். தரையிலிருந்து எழுதல், சரிவில் நடத்தல், குடம் தூக்குதல் ஆகியவற்றை இயன்முறை மருத்துவரின் துணையோடு தனியே பார்த்துத் தனியே குறித்துக் கொள்ள வேண்டும்.

சொல்லும் ஒரு கருவியே. “பிடிப்பின்றி நில்லுங்கள்” என்பதைச் சமவெளிப் பேச்சில் சொன்னால், மலைக் கிராமத்து முதியவர் வேறு விதமாகப் பொருள் கொள்ளக் கூடும். அவ்வூர்ப் பேச்சில் சொல்லி, செய்தும் காட்டி, விளங்கிற்றா என்று கேட்ட பின்னரே அளக்க வேண்டும். சொல் விளங்காமையால் குறைந்த மதிப்பெண்ணை உடற்குறை என்று எழுதி விடலாகாது.

எண்ணைக் கொண்டு செய்யத் தகாதது

45 மதிப்பெண்ணுக்குக் கீழ்ப்பட்டோர் விழும் ஆபத்து மிக்கவர் என்று முதலில் ஒரு கோடு வகுத்தனர். பிற்கால ஆராய்ச்சிகள், இக்கோடு சுவர் போன்றதன்று என்று காட்டியுள்ளன. 45-க்கு மேற்பட்டோரிலும் விழுந்தவர் உண்டு. கீழ்ப்பட்டோரிலும் விழாதவர் உண்டு. மதிப்பெண் இறங்க இறங்க ஆபத்து ஏறும் என்பதே சரியான பொருள். ஆகையால் “இவர் 46 வாங்கி விட்டார், இனி உதவி வேண்டா” என்று எந்தப் பஞ்சாயத்தும் தீர்மானிக்கலாகாது. சிகிச்சைக்கு வழிகாட்டப் பிறந்த எண்ணை, உதவியை மறுக்கும் எண்ணாக மாற்றுவது அநீதியாகும்.

அளவே வேண்டா, அன்பாகப் பார்த்துக் கொண்டால் போதும் என்று கருதுவதும் பிழை. நம் தேசத்தில் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 பக்கவாத நோயாளர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2017-இல் வெளிவந்தது. குடும்பத்தாருக்குப் பயிற்சி அளித்து அவர்களைக் கொண்டே மறுவாழ்வுச் சிகிச்சை நடத்தினால் பயன் மிகுமா என்று அதில் பார்த்தனர். ஆறு மாதத்தின் முடிவில் இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் சேர்ந்து, பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் நூற்றுக்கு 47 பேராகவே இருந்தனர். குடும்பத்தாரின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருளன்று. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நற்பயன் தரும் என்று அளவாமலே நம்பிவிடலாகாது என்பதே இதன் பாடம்.

நாம் செய்யக் கூடியவை

நம் மலைக்கு வடக்கே வேலூரில், டாக்டர் மேரி வர்கீஸ் அவர்கள் 1954-இல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்து, பின் மறுவாழ்வு மருத்துவத்தில் தேர்ச்சி பெற்றார். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மறுவாழ்வு நிலையம் 1966-இல் அவர் முயற்சியால் எழுந்தது. உறுப்பு இழந்தோர் வாழ்வு இழந்தோர் அல்லர் என்பதற்கு நமக்கு அண்மையிலேயே சான்று இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவரும் நோக்கமும் உடையது.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மதிப்பெண் இட வேண்டுவதில்லை. அது பயிற்சி பெற்றவர் வேலை. தாமே ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பது நோயாளியை வீழ்த்தும் செயலாகும். ஆனால் அவர்கள் செய்யத்தக்க பணிகள் பல உண்டு. தம் குக்கிராமத்தில் பக்கவாதத்திலிருந்து மீள்வோர் யாவர் என்று அறிந்து, கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிக்கலாம். அளப்பதற்குச் சமதளமான ஓர் அறையும், என்றும் மாறாத இரு நாற்காலிகளும் ஒரு படியும் பள்ளியிலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ ஒதுக்கி வைக்கலாம். அளந்த நாள், அளவுகோலின் பெயர், மதிப்பெண், அளந்தவர் ஆகிய நான்கையும் நோயாளியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லலாம். குழாயடிக்குச் செல்லும் வழியில் படிக்கட்டும் கைப்பிடியும் அமைக்கலாம். கழிப்பறையில் பற்றிக்கொள்ள ஒரு குழாய் பதிக்கலாம்.

முன்னர்க் கூறிய பெரியவரின் கதையை முடித்து விடுவோம். கை கூடியபின் இயன்முறை மருத்துவர் அவரை அளந்தார்; 56-க்கு 38. குனிந்து எடுத்தலிலும், திரும்பிப் பார்த்தலிலும், பாதம் சேர்த்து நிற்றலிலும் குறிப்பாக மதிப்பெண் குறைந்திருந்தது. அவர் விழுந்ததும் குனிந்து நிமிர்ந்து திரும்பியபோதன்றோ? முற்றத்து நடையில் நம் கண்ணுக்குப் படாதது அந்த எண்ணில் தெரிந்தது. குறைந்த இடங்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் 42 ஆயிற்று; வீட்டார் மகிழ்ந்தனர்; மருத்துவரோ, “நான்கு ஏறியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம், பொறுங்கள்” என்றார். மூன்றாம் மாத முடிவில் 47. ஒன்பது மதிப்பெண் ஏறியது மெய்யான முன்னேற்றமே. எனினும் வயலுக்குப் போக அவர் உடனே விடவில்லை. சரிவில் தனியே நடக்கச் செய்து பார்த்தபோது, இறக்கத்தில் வலக்கால் தடுமாறியது.

அவ்வாண்டு அறுப்பின்போது பெரியவர் களத்தில் அமர்ந்து சாமை தூற்றுவதை மேற்பார்த்தார். அடுத்த ஆண்டு கையில் கோலுடன், பள்ளத்துப் பக்கம் மகன் துணை வர, வயலுக்கு நடந்தார். அவரைக் கண்டபோது நாம் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தோம்.

அன்பும் வேண்டும், அளவும் வேண்டும், அளக்கும் கருவி சரியானதா என்று கேட்கும் துணிவும் வேண்டும். சந்தையில் படியைத் திருப்பிப் பார்க்கும் குடியானவருக்கு அத்துணிவு பிறவியிலேயே உண்டு. ஆஸ்பத்திரியிலும் அவர் அதனைக் கைவிடாமல், “எந்த அளவுகோலில் அளந்தீர்கள், ஐயா? சென்ற முறை எவ்வளவு? எந்த வேலைக்கு இது பொருந்தும்?” என்று கேட்பாராக. கேட்பது அவர் உரிமை. கேட்கத் துணை நிற்பது நம் கடமை.